இல்லக் கணிப்பொறியும் இணைய இணைப்பும்

'இணையம்' என்னும் சொல் 'இணை' என்னும் வேரினின்று கிளைத்தது. ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து வழங்கிவந்த காலத்தில், சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி அவர்கள் இச்சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தார் என்று தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் குறிப்பர். 1997ஆம் ஆண்டு மே திங்களில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. சொல் இன்று நிலைபெற்றுவிட்டது. சிறுவரும் அதனை அறிவர். ஆயின், அச்சொல் சுட்டும் இணைப்பு நம் இல்லத்துக் கணிப்பொறியில் இந்நேரம் இருக்கின்றதா, இல்லையா என்று ஐயமறக் கண்டறியும் வழியைக் கற்றவரும் அறிந்திருப்பதில்லை. "நெட் வரவில்லை" என்னும் இரண்டு சொற்களுக்குள் எல்லாக் குறையையும் அடக்கிவிட்டு அமர்ந்துவிடுகின்றோம்.

இதனைச் சிறிய செய்தி என்று தள்ளிவிடுதல் இயலாது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாள் மாலையில், திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கின்றது. பிழை நம் வீட்டில் உள்ளதா, விண்ணப்பம் வாங்கும் தளத்தில் உள்ளதா என்று அறியாத மாணவர், கடைத்தெருவிலுள்ள கணிப்பொறி மையத்திற்கு ஓடிப் பணமும் பொழுதும் செலவிட்டு அங்கும் அதே வட்டத்தைக் காண்கின்றார். வெளிநாட்டில் பணிபுரியும் மகனின் முகத்தைத் திரையில் காணக் காத்திருக்கும் பெற்றோர், அழைப்பு வாராமை கண்டு அவனுக்கு என்னவோ ஏதோ என்று கலங்குகின்றனர். கம்பி அறுந்தது தெருமுனையில்; கலக்கம் வீட்டினுள். எனவே இப்பொருளைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

இணைப்பு ஒரு சங்கிலி

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியாகவே கணிப்பொறி இணையத்தை எட்டும். மோடம் என்னும் கருவி எண்ணைச் சுழற்றி, கீச்சென்றும் கரகரவென்றும் ஒலியெழுப்பி, மறுமுனையுடன் பேசி முடித்த பின்னரே இணைப்புக் கிட்டும். ஒலி கேட்டால் முயற்சி நடக்கின்றது. ஒலி அடங்கிப் பக்கம் திறந்தால் வென்றது. இணைப்பு உண்டா என்பதைச் செவியே சொல்லிவிட்ட காலம் அது. இன்றோ எல்லாம் ஓசையின்றி நிகழ்கின்றன. ஓசை போனதோடு இணைப்பைப் பற்றிய உணர்வும் நம்மை விட்டுப் போயிற்று எனலாம்.

இன்று வீட்டிலிருக்கும் கணிப்பொறி, முதலில் திசைவி என்னும் பெட்டியோடு பேசுகின்றது. மக்கள் இதனை ரவுட்டர் என்றும், பழைய பழக்கத்தால் மோடம் என்றும் வழங்குவர். கணிப்பொறிக்கும் திசைவிக்கும் இடையே ஒரு கம்பி இருக்கலாம். அல்லது வைஃபை என்னும் வானொலி அலை இருக்கலாம். திசைவியிலிருந்து கண்ணாடி இழை ஒன்று புறப்பட்டுத் தெருக் கம்பங்களின் வழியே சேவை நிறுவனத்தின் நிலையத்தை அடைகின்றது. அந்நிலையத்திற்கு அப்பால்தான் உலக இணையம். அங்கும் நாம் தட்டும் பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயரேடு ஒன்று வேண்டும். அதன் பின்னரே நாம் நாடிய தளம். இக்கண்ணிகளுள் எது அறுந்தாலும் திரையில் தோன்றும் விளைவு ஏறத்தாழ ஒன்றே. ஆதலால் விளைவைக் கண்டு காரணத்தைத் துணிதல் கூடாது. கண்ணி கண்ணியாகத் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் பலரும் கொள்ளும் மயக்கம் ஒன்றைச் சுட்டுதல் தகும். வைஃபையின் குறி நிறைந்து நின்றால் இணையம் உண்டு என்று எண்ணுகின்றனர். அக்குறி காட்டுவது கணிப்பொறிக்கும் பக்கத்து அறையிலுள்ள பெட்டிக்கும் இடைப்பட்ட அலையின் வலிமையை மட்டுமே. தெருவில் இழை அறுந்து கிடப்பினும் வீட்டினுள் குறி நிறைந்தே நிற்கும். வீட்டு வாயில் வரை பளபளக்கும் தரையிட்டு, வாயிலுக்கு அப்பால் சாலையே இல்லாத நிலை அது.

கண்ணால் காணத்தக்கவை

தொடக்கத்தில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று: இதே திசைவியோடு இணைந்த வேறொரு கருவியில், எடுத்துக்காட்டாகக் கைப்பேசியில், இணையம் வருகின்றதா? இதனைப் பார்க்கும்போது கைப்பேசியின் சொந்த மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிடில், வைஃபை வழியே இணையம் வாராதபோது கைப்பேசி தன் சொந்த வழியில் பக்கத்தைக் கொணர்ந்து காட்டி நம்மைத் திசைதிருப்பும். கைப்பேசியில் வருகின்றது, கணிப்பொறியில் வரவில்லை எனில் குறை கணிப்பொறியிடம். இரண்டிலும் இல்லையெனில் குறை திசைவியிலோ அதற்கு அப்பாலோ இருத்தல் வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

அடுத்து, பெட்டியின் விளக்குகள். கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில் 'பான்' என்று பெயர் பொறித்த விளக்கு அசையாமல் பச்சையாய் எரிதல் வேண்டும். 'லாஸ்' என்னும் விளக்கு அணைந்திருத்தல் வேண்டும். அது சிவப்பாக மின்னினால், நிறுவன நிலையத்திலிருந்து வரவேண்டிய ஒளி பெட்டியை அடையவில்லை என்பது பொருள். அப்போது கணிப்பொறியில் எதனை மாற்றினும் பயன் விளையாது. இழை எங்கோ அறுந்திருக்கலாம். வீட்டினுள்ளேயே ஆணியில் சுற்றி, கதவிடுக்கில் நசுக்கி, கூர்மையாக மடித்து வைத்திருந்தாலும் ஒளி வெளியே கசிந்துவிடும். செம்புக் கம்பியை மடிப்பது போல் கண்ணாடி இழையை மடித்தல் ஆகாது. மற்றொன்று: இழையின் முனையைக் கழற்றி உள்ளே ஒளி தெரிகின்றதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பார் உளர். நிலையத்திலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் பெரும்பாலும் 1490 நானோமீட்டர். மனிதக் கண் காணும் எல்லை ஏறத்தாழ 700 நானோமீட்டரோடு முடிந்துவிடுகின்றது. ஒளி இருந்தாலும் தெரியாது. தெரியாத அவ்வொளி கண்ணுக்கு நன்மை செய்வதும் அன்று.

பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் ஏற்றுதல் பல வேளைகளில் குறையை நீக்கும். பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவிலுள்ள துளைப்பொத்தானை மட்டும் அழுத்துதல் வேண்டா. அது பெட்டியில் பதிந்துள்ள கணக்கு விவரங்களை எல்லாம் அழித்துவிடும். நின்றுபோன இணைப்பு பின்னர் ஆள் வந்து சீர்செய்யும் வரை நின்றேயிருக்கும்.

கணிப்பொறித் திரையின் மூலையிலுள்ள சிறு படமும் ஒரு சாட்சியே. விண்டோஸ் கணிப்பொறிகளில் இணைப்பு இல்லையெனில் அங்கே உலக உருண்டை தோன்றும். பழைய பதிப்புகளில் மஞ்சள் முக்கோணம் தோன்றும். கணிப்பொறி இம்முடிவுக்கு எவ்வாறு வருகின்றது என்பது அறியத்தக்கது. அது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தளமொன்றிலிருந்து 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்னும் மூன்று சொற்கள் மட்டுமே அடங்கிய சிறு கோப்பினைக் கேட்கின்றது. கோப்பு ஒழுங்காக வந்துசேர்ந்தால் இணையம் உண்டு என்று தீர்ப்பளிக்கின்றது. அஃதாவது, ஒரே ஓர் இடத்தைக் கேட்டுச் சொல்லும் ஒற்றைச் சாட்சி. 2020ஆம் ஆண்டில் விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பில், இணையம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே 'இல்லை' என்று இப்படம் சொன்ன நிகழ்ச்சியும் உண்டு. ஒற்றைச் சாட்சியை முழுதும் நம்புதலும் ஆகாது, முழுதும் தள்ளுதலும் ஆகாது.

கூப்பிடு தொலைவு

இனி, நாமே கேட்டறியும் முறைக்கு வருவோம். நம் முன்னோர் தொலைவை அளக்கக் 'கூப்பிடு தூரம்' என்று ஓர் அளவை வைத்திருந்தனர். ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் செவியில் விழும் தொலைவு அது. கணிப்பொறி உலகிலும் இத்தகைய ஒரு கூப்பீடு உண்டு. அதன் பெயர் 'பிங்'. அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலினுள் ஓர் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக்கொண்டு எதிரேயுள்ள பொருளை உணரும். அவ்வொலியின் பெயரையே அவர் தம் நிரலுக்கு இட்டார்.

விண்டோஸ் கணிப்பொறியின் தேடற்கட்டத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினால் ஒரு கருஞ்சாளரம் திறக்கும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கூப்பிட வேண்டியவரின் எண்ணை இட்டால் போதும். கணிப்பொறி நான்கு முறை குரல் கொடுத்து, வந்த மறுமொழியைத் தெரிவிக்கும். அக்கூப்பீட்டில் விண்டோஸ் அனுப்பும் செய்தி என்ன தெரியுமா? ஆங்கில நெடுங்கணக்கை 'ஏ' தொடங்கி 'டபிள்யூ' வரை ஒப்பித்து, மறுபடியும் 'ஏ' தொடங்கி 'ஐ' வரை ஒப்பித்து, 32 எழுத்துகளை நிரப்பி அனுப்புகின்றது. திண்ணைப் பள்ளிப் பிள்ளை அரிச்சுவடி சொல்ல, மறுமுனை அதனையே திருப்பிச் சொல்லுகின்றது என்க.

யாரைக் கூப்பிடுவது? முதலில் தன்னையே. 127.0.0.1 என்னும் எண் ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னைத் தானே அழைக்கும் எண். மறுமொழி வந்தால் கணிப்பொறியினுள் இணையம் பேசும் மென்பொருள் நலமாயுள்ளது. இது பெரும்பாலும் பொய்ப்பதில்லை, விரைந்து கடந்துவிடலாம். அடுத்து வீட்டுத் திசைவி. அதன் எண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என இருக்கும். இவ்வெண்கள் உலகில் எண்ணற்ற வீடுகளில் ஒரே நேரத்தில் வழங்குவன. ஊர்தோறும் ஒரு பள்ளிவாசல் தெருவும் ஒரு கடைத்தெருவும் இருப்பது போல, வீட்டிற்குள் மட்டும் பொருள்படும் முகவரிகள் இவை. கருஞ்சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நம் கணிப்பொறியின் எண்ணும், 'டீஃபால்ட் கேட்வே' என்னும் பெயரில் திசைவியின் எண்ணும் தெரியும். அங்கே நம் கணிப்பொறியின் எண் 169.254 என்று தொடங்கினால் உடனே விழிப்படைதல் வேண்டும். திசைவியிடம் எண் கேட்டும் விடை பெறாத கணிப்பொறி, தனக்குத் தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு நிற்கின்றது என்பதன் அடையாளம் அது. கம்பி கழன்றிருக்கும், அல்லது திசைவி மயங்கியிருக்கும்.

திசைவி மறுமொழி தந்துவிட்டால், வீட்டைத் தாண்டிக் குரல் கொடுக்கலாம். 8.8.8.8 என்பது கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பெயரேட்டின் எண். நினைவில் நிற்பது எளிது. பல நகரங்களில் இதே எண்ணைத் தாங்கிய கணிப்பொறிகள் நிற்பதால் அருகிலுள்ளதே விடையிறுக்கும். இங்கிருந்து மறுமொழி வந்துவிட்டால் நம் வீட்டுக் கணிப்பொறி உலக இணையத்தைத் தொட்டுவிட்டது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

மறுமொழியின் வகைகளையும் பிரித்தறிய வேண்டும். 'ரிப்ளை ஃப்ரம்' என்று தொடங்கி, தான் அழைத்த எண்ணையும் கால அளவையும் காட்டினால் விடை வந்தது. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் குரல் கொடுத்தோம், காத்திருந்தோம், ஓசையில்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் அங்குச் செல்ல வழியில்லை என்று இடையிலுள்ள ஒருவரோ நம் கணிப்பொறியோ கைவிரித்துவிட்டனர். இதிலொரு நுட்பம் உண்டு. இவ்வறிவிப்பும் சில வேளைகளில் 'ரிப்ளை ஃப்ரம்' என்றே தொடங்கும். ஆனால் விடையிறுப்பவர் நாம் அழைத்தவர் அல்லர். முதற்சொல்லைக் கண்டு மகிழாமல் வரியை முழுதும் படித்தல் வேண்டும். மௌனத்தையும் மறுப்பென்று கொள்ளக் கூடாது. காவல் கருதிப் பிங் அழைப்பிற்கு விடை தாராத தளங்கள் பல உள. அவை கூப்பீட்டிற்குப் பேசா. ஆயினும் உலாவியில் திறக்கும்.

விடையோடு வரும் கால அளவு மில்லிவினாடியில் இருக்கும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுத் திசைவி ஒன்றிரண்டில் விடை தரும். கண்ணாடி இழையினுள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002ஆம் ஆண்டு முதல் இயங்கும் கம்பிவடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. போக 16, வர 16 என 32 மில்லிவினாடிக்குக் குறைந்து சிங்கப்பூரிலிருந்து விடை வருதல் இயற்கைக்கு ஒவ்வாது. பிங் காட்டும் எண்ணில் நிலவியல் மறைந்து கிடக்கின்றது என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. 2008ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவிற்கு அருகே கடலடிக் கம்பிவடங்கள் அறுந்தபோது, நம் நாட்டில் இணையம் பெரிதும் தளர்ந்தது. வீட்டுத் திசைவியும் நலம், தெரு இழையும் நலம். குறையோ நடுநிலக் கடலில்!

எண் வரும், பெயர் வாராது

8.8.8.8 விடையளிக்கின்றது, ஆயினும் உலாவியில் எப்பக்கமும் திறக்கவில்லை. இந்நிலை பலரையும் குழப்பும். நாம் தட்டுவது பெயர். இணையம் அறிவது எண். இடையே பெயரை எண்ணாக்கும் ஏற்பாட்டினைப் பால் மொகபெட்ரிஸ் என்பவர் 1983இல் வகுத்தார். அப்பெயரேடு விடை தரவில்லையெனில், முகவரி எழுதாத அஞ்சலைப் போல் நம் வேண்டுகோள் நின்றுவிடும். எண்ணை அழைத்தபின் ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைப் பிங் செய்து பார்த்தால் இது விளங்கும். எண்ணுக்கு விடை வந்து, பெயரைக் 'கண்டறிய இயலவில்லை' என்று கணிப்பொறி சொன்னால், குறை பெயரேட்டில். கணிப்பொறியின் அமைப்பில் பெயரேட்டு எண்ணாக 8.8.8.8 என்பதையே இட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. ஃபேஸ்புக் நிறுவனத்தின் உட்பணி ஒன்றில் நேர்ந்த தவற்றால் அதன் பெயரேட்டுக் கணிப்பொறிகளுக்குச் செல்லும் வழியே இணையத்திலிருந்து மறைந்தது. நம் நாட்டில் இரவு 9 மணியைக் கடந்த வேளை. வாட்ஸப் நின்றது, இன்ஸ்டாகிராம் நின்றது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தது. வாட்ஸப்பே இணையம் என்றிருந்தோர் தம் வீட்டு இணைப்பே போயிற்று என்று திசைவியை அணைத்து அணைத்து ஏற்றினர். வேறொரு தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் உண்மை விளங்கியிருக்கும்.

தளத்தைத் திறந்து பார்ப்பதிலும் ஒரு கருத்து. முன்னரே பார்த்த பக்கம் கணிப்பொறியின் நினைவகத்திலிருந்தே தோன்றக்கூடும். அது இணைப்பிற்குச் சான்றாகாது. இதுவரை பாராத ஒன்றைத் தேடிப் பார்ப்பதே சான்று. கல்லூரி விடுதி போன்ற இடங்களிலோ, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நுழையும் வரை எப்பக்கமும் திறவாது. மாதச் சந்தா முடிந்த வீடுகளிலும் சில நிறுவனத்தார் பணம் செலுத்தும் பக்கத்தை மட்டும் திறந்து வைப்பர். இவையெல்லாம் அறுபட்ட இணைப்புகள் அல்ல; அடைபட்ட வாயில்கள்.

பழைய மேசைக் கணிப்பொறி வைத்திருப்போர்க்கு ஒன்று கூற வேண்டும். பிங் விடை தருகின்றது, பெயரும் எண்ணாகின்றது. ஆயினும் ஒவ்வொரு தளமும் 'பாதுகாப்பற்றது' என்று உலாவி தடுக்கின்றது. அப்போது திரையின் மூலையிலுள்ள நாளினைப் பாருங்கள். கணிப்பொறியினுள் காசு வடிவில் 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நிற்கும்தோறும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். தளங்களின் நம்பகச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உள. கணிப்பொறி கடந்த காலத்தில் நின்றுகொண்டு பார்ப்பதால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறவாத சான்றிதழாகத் தோன்றுகின்றது. சிறு தொகைக்குக் கிடைக்கும் மின்கலத்தை மாற்றி நாளைத் திருத்தினால் இணையம் மீளும். இதற்காகக் கணிப்பொறியையே மாற்றச் சொல்லும் கடைக்காரரும் இல்லாமலில்லை.

புகாரும் போலியும்

இவ்வளவும் கண்டபின், உதவித்தொகைத் தளம் மட்டும் திறக்கவில்லை, ஏனைய எல்லாம் திறக்கின்றன எனில், மாணவர் அலைய வேண்டா. குறை அத்தளத்தினுடையது. நாளும் மணியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நெரிசல் குறையும் பின்னிரவிலோ விடியலிலோ முயலலாம். உரிய அலுவலகத்திற்கு அப்படத்தோடு எழுதலாம். இல்லத்து இணைப்பே அறுந்திருப்பின், சேவை நிறுவனத்தாரிடம் "நெட் வரவில்லை" என்னாது, "திசைவி விடை தருகின்றது, லாஸ் விளக்குச் சிவப்பாக மின்னுகின்றது, காலை 7 மணி முதல் இந்நிலை" என்று சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். இழை ஒட்டும் பணியாளரை அனுப்புவதா, தொலைபேசியிலேயே தீர்ப்பதா என்பதை அவர் அப்போதே முடிவு செய்ய இயலும்.

முதியோர் கவனத்திற்கு ஒன்று. தொலைத்தொடர்பு அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், உங்கள் இணைப்பில் கோளாறு உள்ளதாகவும், இரண்டு மணி நேரத்தில் அது துண்டிக்கப்படும் என்றும் சொல்லி அச்சுறுத்தும் அழைப்புகள் வருகின்றன. பின்னர் அவர்கள் ஒரு செயலியை இறக்கி நிறுவச் சொல்லுவர். தொலைவிலிருந்தபடியே நம் கணிப்பொறியை இயக்கி, வங்கிக் கணக்கைக் காலி செய்வர். இங்கே நாம் கண்ட முறை காவலாகின்றது. இணைப்பு உண்மையில் அறுந்திருந்தால் அச்செயலியை இறக்குவது எவ்வாறு? இறக்க முடிகின்றதெனில் இணைப்பு நலமாகவே உள்ளது. அழைத்தவர் சொல்லே பொய். அழைப்பைத் துண்டித்துவிட்டு, கருஞ்சாளரத்தைத் திறந்து 8.8.8.8ஐ ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். பணம் பறிபோய்விட்டதாயின் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். நடுவண் அரசின் இணையக் குற்ற உதவி எண் அது. விரைந்து தெரிவித்தால், மோசடியாளர் எடுத்துவிடும் முன் தொகையை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.